சொல்லில்லாத பாட்டுக்கு நாற்பதாயிரம் குரல்

(வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



இன்னிக்கு நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரு இசைத்தட்டு. 'ரஷ் இன் ரியோ' என்று பெயர். கனடா நாட்டைச் சேர்ந்த ரஷ் என்கிற மூன்று பேர் ராக் குழு, 2002 நவம்பர் 23ஆம் தேதி இரவு பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ நகரத்து மரக்கானா மைதானத்தில் நடத்திய கச்சேரியின் நேரடிப் பதிவு. 2003 அக்டோபரில் மூன்று குறுந்தகடுகளாகவும் டிவிடியாகவும் வெளிவந்தது.

இந்த மேடையில மூணு வெள்ளைக்காரங்க பாட்டைப் பத்திப் பேச என்ன இருக்கு என்கிற கேள்வி சிலர் முகத்தில் தெரிகிறது. நியாயமான கேள்விதான். கூட்டம் கூட்டுவதும், கூட்டத்தோடு பேசுவதும் நம்முடைய அன்றாட வேலை. மேடையில் நிற்பவருக்கும் எதிரே நிற்பவருக்கும் நடுவில் என்ன நடக்கிறது? கூட்டத்தின் குரல் எங்கே பதிவாகிறது, எங்கே அழிக்கப்படுகிறது? இதெல்லாம் நமக்கு வெளிவிஷயம் இல்லை. இந்தத் தட்டு அதற்கு ஒரு நல்ல சாட்சி. அதுமட்டுமில்லை. நமக்குப் பிடித்த ஒரு கலைஞன் நாம் ஏற்கமுடியாத ஒன்றைப் பாடும்போது நாம் என்ன செய்வது என்கிற சங்கடமும் இதற்குள் இருக்கிறது. இரண்டையும் பேசலாம்.

முதலில் இந்த இசை எந்த வகை என்று சொல்லிவிடுகிறேன். 1960களின் கடைசியில் இங்கிலாந்தில் சில இளைஞர்கள், மூணு நிமிஷக் காதல் பாட்டு போதாது என்று நினைத்தார்கள். கிங் கிரிம்ஸன், யெஸ், ஜெனிசிஸ் போன்ற குழுக்கள் வந்தன. பத்து நிமிஷம், இருபது நிமிஷம் ஓடும் பாடல்கள். நடுவில் தாளம் மாறும், வேகம் மாறும், கதை மாறும். இதற்கு புராகிரசிவ் ராக் என்று பெயர் வைத்தார்கள். முற்போக்கு ராக் என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். அரசியல் முற்போக்குக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. வடிவத்தில் முன்னே போவது என்றுதான் பொருள். விமரிசகர்களில் பலருக்கு இது பிடிக்கவில்லை. வித்தை காட்டறாங்க, படாடோபம், உயிர் இல்லை என்றார்கள். 1970களின் நடுவில் பங்க் இசை வந்தபோது இவர்களைத்தான் முதல் எதிரியாகக் காட்டியது. ஆனாலும் இதைக் கேட்கிறவர்கள் இருந்தார்கள். கேலியைத் தாங்கிக்கொண்டு கேட்டார்கள். விமரிசகரின் ஆதரவு இல்லாமல், வானொலியின் தயவு அதிகம் இல்லாமல், ரசிகர் பலத்திலேயே நின்ற குழுக்களில் முதன்மையானது ரஷ்.

மூன்று பேர். கெட்டி லீ பாடுவார், பாஸ் கிடார் வாசிப்பார், கையால் கீபோர்டும் காலால் மிதிகட்டைகளும் வாசிப்பார். அலெக்ஸ் லைஃப்சன் கிடார். நீல் பியர்ட் டிரம்ஸ். பாடல்களில் பெரும்பாலானவற்றை எழுதியவரும் அவரே. டிரம்ஸ் அடிக்கிறவர்தான் கவிஞர்!

இவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பார்த்தால் வெள்ளைக்காரங்க என்று ஒரே சொல்லில் மூடிவிட முடியாது. லீயின் தாயும் தந்தையும் போலந்து யூதர்கள். நாஜிகளின் முகாம்களிலிருந்து உயிர் தப்பியவர்கள். ஆஷ்விட்ஸைப் பார்த்தவர்கள். பிறகு தாய் பெர்கன்-பெல்சன் முகாமிலும் தந்தை டாகாவ் முகாமிலும் இருந்தார்கள். போர் முடிந்தபின் ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடித்துக் கல்யாணம் செய்துகொண்டு கனடாவுக்குக் கப்பலேறினார்கள். லீக்கு 12 வயதில் அப்பா இறந்துபோனார். அம்மா தனியாகக் கடை நடத்திப் பிள்ளைகளை வளர்த்தார். மகனுடைய பெயர் உண்மையில் கேரி. அம்மாவின் போலந்து உச்சரிப்பில் அது கெட்டி ஆனது. ஊரார் அதைக் கேலி செய்திருப்பார்கள். அவர் அதையே மேடைப் பெயராக வைத்துக்கொண்டார். லைஃப்சன், யுகோஸ்லாவியாவிலிருந்து வந்த செர்பியக் குடும்பத்துப் பிள்ளை. ஃபெர்னி என்கிற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவர். பியர்ட், இசைக்கு முழுதாக வருவதற்குமுன் அப்பாவோடு விவசாயக் கருவிகள் விற்கும் வேலையில் இருந்தவர்.

இவர்களை முதலில் கண்டுபிடித்தது யார் தெரியுமா? 1974இல் இவர்களின் முதல் தட்டை எந்த நிறுவனமும் எடுக்கவில்லை. சொந்தக் காசில் போட்டார்கள். அது அமெரிக்காவின் கிளீவ்லாண்டு நகரத்து டபிள்யூஎம்எம்எஸ் என்கிற வானொலிக்குப் போய்ச் சேர்ந்தது. எஃகு ஆலைகளும் தொழிற்சாலைகளும் நிறைந்த ஊர். அங்கே டோனா ஹால்பர் என்ற பெண், 'வொர்க்கிங் மேன்' என்ற ஏழு நிமிஷப் பாட்டை ஒலிபரப்பினார். வேலைக்குப் போவது, வீட்டுக்கு வருவது, வாழ்வதற்கு நேரமில்லாமல் போவது, இதுதான் பாட்டின் சங்கதி. ஒலிபரப்பின உடனே வானொலி நிலையத்துக்குத் தொலைபேசி அழைப்புகள் வரிசையாக வந்தன. இது யாரோட பாட்டு, லெட் செப்பலின் குழுவோட புதுசா என்று கேட்டார்கள். உழைக்கிறவன் பாட்டை உழைக்கிறவர்கள் அடையாளம் கண்டார்கள். அந்த அழைப்புகளின் பலத்தில்தான் ஒப்பந்தமே கிடைத்தது. ரசிகர் என்றால் வாங்கிக்கொண்டு போகிறவர் மட்டும் இல்லை, ஒன்றை உண்டாக்குகிறவர் என்பதற்கு இந்தக் குழுவின் வரலாற்றில் முதல் சான்று இது.

*

இனி நேரடிப் பதிவு என்கிற விஷயத்துக்கு வருகிறேன். ஒலிப்பதிவுக் கூடத்தில் தப்பு வந்தால் திருப்பி வாசிக்கலாம். கச்சேரியில் முடியாது. அதனால் நேரடித் தட்டு என்பது ஒரு பரீட்சை. புராகிரசிவ் ராக் குழுக்களுக்கு இது இரட்டைப் பரீட்சை. இவ்வளவு சிக்கலானதை இவங்க நிஜமாவே வாசிக்கிறாங்களா, இல்லை கூடத்தில் ஒட்டுப் போட்டதா என்கிற சந்தேகம் எப்பவும் உண்டு. எண்ணிக்கை எங்கே தப்பும் என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிற ரசிகர்கள் இருக்கிறார்கள்.

அப்புறம் கூட்டத்தின் சத்தம். அதை என்ன செய்வது? பல நேரடித் தட்டுகளில் கைதட்டல் பாட்டின் முதலிலும் முடிவிலும் மட்டும் வரும். நடுவில் சுத்தமாகத் துடைத்துவிடுவார்கள். கைதட்டச் சொன்னால் தட்டி, அடங்கச் சொன்னால் அடங்கும் கூட்டம். ஆட்சியாளர்கள் எல்லாருக்கும் பிடித்த கூட்டம் அதுதான்.

ரஷ் ஆரம்பத்தில் நான்கு கூடத் தட்டுக்கு ஒரு நேரடித் தட்டு என்று கணக்கு வைத்திருந்தார்கள். 1976இல் டொரன்டோவின் மாசி ஹாலில் பதிவானது முதலாவது. கரடுமுரடானது. 1981இல் வந்த 'எக்ஸிட் ஸ்டேஜ் லெஃப்ட்' பளிங்கு மாதிரி. 1989இல் வந்தது அதைவிடச் சுத்தம். ஆனால் அந்த 1981 தட்டில் ஒரு சின்ன அதிசயம் உண்டு. 'க்ளோசர் டு த ஹார்ட்' என்ற பாட்டை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துக் கூட்டம் சேர்ந்து பாடுகிறது. தட்டின் உறையில் கிளாஸ்கோ கோரஸ் என்று அவர்களுக்கும் பெயர் போட்டிருக்கிறார்கள். கலைஞர் பட்டியலில் கூட்டத்துக்கு ஓர் இடம். ரியோவுக்குப் போகும் பாதை அங்கேயே தொடங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

ஆனால் நடுவில் பாதை அறுந்தது. 1997 ஆகஸ்டில் நீல் பியர்டின் ஒரே மகள் செலினா கார் விபத்தில் இறந்தாள். வயது 19. பத்து மாதத்தில், 1998 ஜூனில், மனைவி ஜாக்குலின் புற்றுநோயில் இறந்தார். என்னை ஓய்வுபெற்றவனாக வைத்துக்கொள்ளுங்கள் என்று நண்பர்களிடம் சொல்லிவிட்டு, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். கனடா, அலாஸ்கா, மெக்சிகோ, நடு அமெரிக்கா என்று சுமார் 88,000 கிலோமீட்டர். மற்ற இரண்டு பேரும் வேறு ஆளைத் தேடவில்லை. காத்திருந்தார்கள். அவர்களுடைய ரசிகர்களும் காத்திருந்தார்கள். ஐந்து வருஷம் கழித்து 2002இல் 'வேப்பர் டிரெயில்ஸ்' என்ற புதுத் தட்டு வந்தது. முதல் பாட்டு டிரம்ஸ் சத்தத்தோடு தொடங்குகிறது. பேச்சே இல்லாமல் அந்த மனிதர் நான் வந்துவிட்டேன் என்று சொன்னது அது.

அந்தத் தட்டுக்கான சுற்றுப்பயணத்தின் கடைசி இரவுதான் ரியோ.

*

பிரேசிலுக்கு அவர்கள் போவது அதுவே முதல் தடவை. குழு தொடங்கி 34 வருஷம் கழித்து. அங்கே யார் நம்மைக் கேட்கப் போகிறார்கள் என்று இருந்திருப்பார்கள். ஆனால் அங்கே ஒரு வேடிக்கை நடந்திருந்தது. மெகைவர் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை பிரேசிலில் ஒளிபரப்பியபோது, அதன் முகப்பு இசையாக ரஷ்ஷின் 'டாம் சாயர்' பாட்டைப் போட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வீடு அந்த இசை ஒலித்திருக்கிறது. குழு போகாத நாட்டுக்கு அதன் பாட்டு போய்க் குடியேறிவிட்டது. ரியோ கச்சேரி அந்தப் பாட்டிலிருந்துதான் தொடங்குகிறது.

முதல் நாள் சாவோ பாவ்லோவில் மழையில் கச்சேரி. 60,000 பேர், அவர்களுக்காக மட்டும் கூடிய கூட்டங்களில் அதுவரை அதுதான் பெரியது. நனைந்த சாமான்களைக் கட்டி லாரியில் ஏற்றி ரியோவுக்கு அனுப்பினார்கள். லாரிகள் தாமதமாக வந்தன. கச்சேரிக்குமுன் ஒலிவாங்கிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் வேலைக்கு நேரமில்லை. படம் பிடிக்கவும் ஒலிப்பதிவு செய்யவும் வேண்டிய ஏற்பாடுகள் கடைசி நிமிஷம் வரை ஓடின. மறுபடி எடுக்க அடுத்த கச்சேரி கிடையாது. தவறினால் தவறினதுதான். கதவைத் திறந்தார்கள். நாற்பதாயிரம் பேர் உள்ளே வந்தார்கள்.

அந்த மைதானத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். மரக்கானா, 1950 உலகக் கால்பந்துப் போட்டிக்காகக் கட்டியது. அந்த ஜூலை 16இல் உருகுவேயிடம் 2-1 என்று பிரேசில் தோற்றது. ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் ஒரே சமயத்தில் ஊமையானார்கள் என்று சொல்வார்கள். பழி யார் மேல் விழுந்தது? முக்கியமாகக் கறுப்பு விளையாட்டுக்காரர்கள் மேல். கோல்கீப்பர் பார்போசா 2000இல் சாகும்வரை அந்தப் பழியைச் சுமந்தார். இந்த நாட்டில் அதிகபட்ச தண்டனையே 30 வருஷம்தான், நானோ 50 வருஷமாக அனுபவிக்கிறேன் என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். கூட்டம் என்றாலே புனிதம் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். ஒரே மைதானத்தில் கூடுகிற ஜனம் ஒருவரைத் தூக்கவும் செய்யும், ஒருவரை உயிரோடு புதைக்கவும் செய்யும். எந்தப் பக்கம் சாயும் என்பதில்தான் நம்முடைய அரசியல் வேலை இருக்கிறது.

*

இப்போது தட்டின் நெஞ்சுக்கு வருவோம். 'ஒய்ஒய்ஸெட்' என்று ஓர் உருப்படி. 1981இல் வந்த 'மூவிங் பிக்சர்ஸ்' தட்டில் முதலில் வந்தது. சொல்லே கிடையாது. வெறும் இசை. ஒய்ஒய்ஸெட் என்பது டொரன்டோ விமான நிலையத்தின் குறியீடு. விமானங்களுக்கு வழிகாட்டும் கருவி அந்த மூன்று எழுத்தையும் மோர்ஸ் தந்தி முறையில் ஒலித்துக்கொண்டே இருக்கும். ஊருக்குத் திரும்பும் விமானத்தில் அதைக் கேட்டு, அட இது நல்ல தாளமா இருக்கே என்று எடுத்துக்கொண்டார்கள்.

அது என்ன தாளம்? நம்ம இலக்கணத்தை வைத்தே சொல்லிவிடலாம். நீண்ட ஒலியை நெடில் என்றும் குட்டை ஒலியைக் குறில் என்றும் வையுங்கள். நெடிலுக்கு இரண்டு மாத்திரை, குறிலுக்கு ஒன்று. ஒய் என்ற எழுத்து நெடில், குறில், நெடில், நெடில். ஏழு மாத்திரை. அடுத்த ஒய்யும் ஏழு. ஸெட் என்பது நெடில், நெடில், குறில், குறில். ஆறு. ஏழும் ஏழும் ஆறும் இருபது. நான் பகலெல்லாம் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து அடுத்தவர் பணத்தை எண்ணுகிறவன். எண்ணுவதில் எனக்கு ஒன்றும் மோகம் கிடையாது. ஆனால் இந்த இருபதை எண்ணும்போது ஒரு சந்தோஷம் வருகிறது. வழக்கமான ராக் பாட்டு நாலு நாலாகக் காலடி வைத்துப் போகும். இது ஐந்து காலடி. நீங்கள் நாலில் காலை ஊன்றுவதற்குள் தாளம் உங்களைத் தாண்டி ஒரு அடி வைத்திருக்கும்.

இந்த மாதிரிச் சங்கதியைத்தான் விமரிசகர்கள் வித்தை என்றார்கள், மூளைக்காரர்களுக்கான இசை என்றார்கள். ஜனங்களுக்குப் புரியாது என்றார்கள். ஜனங்களுக்குப் புரியாது என்ற இந்த வாக்கியத்தை நாம் எத்தனை இடத்தில் கேட்டிருக்கிறோம்! சொல்கிறவர் யாராக இருந்தாலும் அதற்குள்ளே ஒரு வேலி இருக்கும்.

ரியோவில் நடந்தது இது. டிரம்ஸின் சிம்பல் தட்டில் அந்தக் குறி ஒலிக்கத் தொடங்குகிறது. கூட்டம் உடனே அடையாளம் கண்டுகொள்கிறது. பிறகு பாஸும் கிடாரும் சேர்ந்து முக்கிய இசைத்தொடரை எடுக்கின்றன. அப்போது நாற்பதாயிரம் பேர் பாடுகிறார்கள். எதை? பாட வார்த்தையே கிடையாதே! கிடார் வாசிக்கிறதைப் பாடுகிறார்கள். ஓ ஓ என்று ஒவ்வொரு வளைவையும், ஒவ்வொரு நிறுத்தத்தையும் தொண்டையால் பிடிக்கிறார்கள். படத்தில் பார்த்தால் மைதானமே மேலும் கீழும் குதிக்கிறது. ஆங்கிலம் தாய்மொழி இல்லாத ஊரில், முதல் தடவையாக நேரில் பார்க்கும் ஒரு குழுவுக்கு முன்னால், சொல்லில்லாத ஒரு பாட்டுக்கு ஜனங்கள் குரல் கொடுத்துவிட்டார்கள். இந்தத் தட்டை ரசிகர்கள் இன்றும் பிடித்து வைத்திருப்பதற்குக் காரணம் என்ன என்று கேட்டால் இந்தச் சில நிமிஷங்களைத்தான் நான் காட்டுவேன்.

ஒரு வேலை இதற்குள்ளே இருக்கிறது, கவனியுங்கள். இருபது மாத்திரைத் தாளத்தை ஒரு ஆள் மனப்பாடம் செய்யவே பல தடவை கேட்கவேண்டும். ஒவ்வொருவரும் தனித்தனியாக, தங்கள் வீட்டில், வருஷக்கணக்காகச் செய்த உழைப்பு அது. பக்கத்து வீட்டுக்காரர், சத்தத்தைக் குறை என்று சொல்லியிருப்பார். அந்தத் தனி உழைப்பெல்லாம் ஒரே இரவில் ஒரே இடத்தில் சேர்ந்து, அட நீயும் கேட்டுட்டு இருந்தியா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறது. அந்தக் கணத்தில் கூட்டமும் ஒரு வாத்தியம்.

இதற்கு எதிரான குற்றச்சாட்டையும் சொல்லவேண்டும். ஒலித்தரத்தில் இது நல்ல பதிவு இல்லை என்று சொல்கிற ரசிகர்கள் நிறைய. கூட்டத்தின் இரைச்சல் எல்லாவற்றிலும் ஏறி உட்கார்ந்திருக்கிறது, சிம்பலும் கிடாரும் ஒன்றோடொன்று குழம்புகிறது, நுணுக்கம் கேட்கவில்லை என்கிறார்கள். அது பொய் இல்லை. மேடையில் இருக்கும் ஒவ்வொரு ஒலிவாங்கியும் வாத்தியத்தோடு கூட்டத்தையும் சேர்த்துத்தான் வாங்கும். கூட்டம் அத்தனை பலமாகப் பாடினால் அதைப் பிரித்தெடுப்பது கஷ்டம். நுணுக்கம் வேண்டுமென்றால் 'எக்ஸிட் ஸ்டேஜ் லெஃப்ட்' கேளுங்கள். எனக்கும் சில இடங்களில் பியர்டின் கைவேலை மங்கிப்போவது வருத்தம்தான். ஆனால் இரைச்சல் என்று எதைச் சொல்கிறோம் என்று யோசித்துப் பார்க்கவேண்டும். மேடையிலிருந்து வந்தால் இசை, எதிரே இருந்து வந்தால் இரைச்சல் என்று பிரிப்பது காதின் வேலை மட்டும் கிடையாது. அதில் ஒரு அதிகாரம் இருக்கிறது. இந்தத் தட்டில் அந்தப் பிரிவினை தோற்றுப்போகிறது. சுத்தம் கெட்டுப்போச்சு என்று சொல்லும்போது யாருடைய சுத்தம் என்று கேட்பது நமக்குப் பழக்கம்தானே.

*

இனி சங்கடமான பகுதி.

நீல் பியர்ட் இளம் வயதில் அயன் ராண்ட் என்ற எழுத்தாளரின் வாசகர். சோவியத் ரஷ்யாவிலிருந்து அமெரிக்கா போன ராண்ட், தனிமனிதனே எல்லாம், கூட்டம் என்பது அவனை நசுக்கும் இயந்திரம் என்று எழுதியவர். முதலாளித்துவத்தை ஓர் அறமாகவே வைத்தவர். 1976இல் வந்த '2112' என்ற இருபது நிமிஷப் பாட்டைத் தந்த தட்டில் ராண்டின் மேதைமைக்கு நன்றி என்று அச்சிட்டிருந்தார்கள். 1978இல் இங்கிலாந்தின் என்எம்இ பத்திரிகை இவர்களை வலதுசாரி, பாசிசத்துக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் என்கிற தொனியில் எழுதியது. முகாமிலிருந்து தப்பியவர்களின் மகனை! லீக்கு அது ஆறாத காயமானது.

அவர்களைப் பாசிஸ்டுகள் என்பது அநியாயம். ஆனால் விமரிசனமே வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன். 'த ட்ரீஸ்' என்ற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1978இல் வந்தது, ரியோ தட்டிலும் இருக்கிறது. காட்டில் ஓக் மரங்கள் உயரமாக நின்று வெளிச்சத்தை எல்லாம் எடுத்துக்கொள்கின்றன. மேப்பிள் மரங்கள் சங்கம் கட்டிச் சம உரிமை கேட்கின்றன. சட்டம் வருகிறது. முடிவில் எல்லா மரங்களும் கோடரியால் ஒரே உயரத்துக்கு வெட்டப்படுகின்றன. இது வெறும் கேலிச்சித்திரம் மாதிரிதான், பெரிய அர்த்தம் வைக்கவில்லை என்று பியர்ட் பிறகு சொல்லியிருக்கிறார். இருக்கலாம். ஆனால் கதை என்ன சொல்கிறது? உயரம் இயற்கை, சமத்துவம் கோடரி என்று சொல்கிறது. இந்தக் கதையை நாம் வேறு குரல்களில் கேட்டிருக்கிறோம். தகுதி போச்சு, திறமை போச்சு என்கிற குரல்களில். ஓக் மரத்தை யார் நட்டது, யார் தண்ணி ஊத்தினது, மேப்பிளின் வேரில் யார் கல்லைப் போட்டது என்று கேட்காத கதை இது. அந்தப் பாட்டின் இசை அழகாக இருக்கிறது. அழகாக இருப்பதால் கதை உண்மையாகிவிடாது.

அப்படியானால் தூக்கிப் போட்டுவிடலாமா? நான் போடமாட்டேன். ஏனென்றால் அதே ஆள் எழுதிய '2112' இருக்கிறது. அதன் முதல் பகுதிகளும் அந்த இரவில் வாசிக்கப்பட்டன. அந்தக் கதை இப்படி. எதிர்காலத்தில் கோயில் பூசாரிகள் உலகை ஆள்கிறார்கள். என்ன படிக்கலாம், என்ன பாடலாம் என்று அவர்களே முடிவு செய்கிறார்கள். ஒருவன் பழைய கிடார் ஒன்றைக் கண்டெடுக்கிறான். சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் தானே தடவித் தடவி வாசிக்கக் கற்றுக்கொள்கிறான். ஆசையோடு எடுத்துப்போய்ப் பூசாரிகளிடம் காட்டுகிறான். அவர்கள் அதைக் காலில் போட்டு மிதிக்கிறார்கள். ராண்டுக்கு இது பொதுவுடைமைக்கு எதிரான கதையாக இருந்திருக்கும். உங்களுக்கும் எனக்கும் இது எதைப் பற்றிய கதை? கற்கக் கூடாது என்று தடுக்கப்பட்ட ஒருவன் தானே கற்றுக்கொண்டதைப் பற்றியது. அறிவைக் கோயிலுக்குள் பூட்டி வைத்தவர்களைப் பற்றியது. இதை விளக்க நமக்கு உரைநூல் எதுவும் வேண்டாம். எழுதியவர் நினைத்த பொருளோடு ஒரு பிரதி முடிந்துவிடுவதில்லை. கேட்கிறவர் வாழ்ந்த வாழ்க்கையிலிருந்து அதற்கு இன்னொரு பொருள் வருகிறது. 'த ட்ரீஸ்' பாட்டோடு சண்டை போடவும், '2112' பாட்டை நம்முடையதாக எடுத்துக்கொள்ளவும் ஒரே உரிமைதான் நமக்கு இருக்கிறது.

'ரெட் செக்டர் ஏ' என்ற இன்னொரு பாட்டு. 1984இல் வந்தது. லீயின் அம்மா சொன்ன முகாம் நினைவுகளிலிருந்து பியர்ட் எழுதியது. 1945 ஏப்ரலில் பிரிட்டிஷ் படை பெர்கன்-பெல்சன் முகாமுக்கு வந்தபோது, வெளியே இன்னும் ஒரு உலகம் மிச்சம் இருக்கிறது என்பதையே அந்த அம்மாவால் நம்ப முடியவில்லையாம். நாம அழிஞ்சிட்டோம்னா உலகமும் அழிஞ்சிருக்கும் என்றே நினைத்திருந்தார்களாம். அந்த நினைவின் பாட்டை, அவர் பெற்ற பிள்ளை, ரியோவில் நாற்பதாயிரம் பேர் முன்னால் பாடுகிறார். தனிமனிதனே எல்லாம் என்ற தத்துவம் இந்த இடத்தில் போதாமல் போய்விடுகிறது. முகாமில் செத்தவர்கள் தனிமனிதர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டுச் சாகவில்லை. பிறப்பால் குறிவைக்கப்பட்டார்கள். பியர்டும் அங்கேயே நின்றுவிடவில்லை. பிற்காலத்தில் தன்னை இளகிய மனதுள்ள சுதந்திரவாதி என்று சொல்லி, ராண்டிடமிருந்து விலகி வந்தார்.

*

ரசிகன் என்ற சொல்லுக்கு வருகிறேன். 'லைம்லைட்' என்ற பாட்டும் இந்தத் தட்டில் உண்டு. முன்பின் தெரியாதவர்கள் நண்பர் மாதிரி வந்து கட்டிப்பிடிப்பது என்னால் தாங்க முடியவில்லை என்கிற கூச்சத்தைச் சொல்லும் பாட்டு. எழுதிய பியர்ட் உண்மையிலேயே அப்படித்தான். கச்சேரி முடிந்ததும் யாரையும் பார்க்காமல் புறப்பட்டுவிடுவார். ரசிகர்கள் என்ன செய்தார்கள்? அந்தப் பாட்டையும் சேர்ந்து பாடினார்கள். என்னிடம் வராதே என்று அவர் எழுதியதை, சரி வரவில்லை என்று அவருக்கே பாடிக் காட்டினார்கள். கட்அவுட்டும் பாலாபிஷேகமும் இல்லாத ஒரு மரியாதை இது. நாயகனைக் கும்பிடாமலே நேசிக்கலாம் என்பதை நம்முடைய இளைஞர்களும் யோசிக்கலாம்.

இதை அதிகமாக உயர்த்திப் பிடிக்கவும் கூடாது. டிக்கெட் வாங்க முடிந்தவர்கள்தான் மரக்கானாவுக்குள் போனார்கள். அமெரிக்கக் கண்டங்களிலேயே கடைசியாக, 1888இல் அடிமைமுறையை ஒழித்த நாடு அது. அதன் மிச்சசொச்சம் அந்த மைதானத்துக்கு வெளியேயும் நின்றுகொண்டிருந்திருக்கும். கூட்டத்தின் குரல் தட்டில் ஏறியது, அதே கூட்டத்துக்குக் காசுக்கும் விற்கப்பட்டது. பாடினவர்களே வாங்கினார்கள். இதெல்லாம் உண்மை. ஆனாலும், விற்கப்பட்டது என்பதால் பாடினது பொய்யாகிவிடாது.

கச்சேரியின் கடைசி உருப்படியில், பழைய பாடல்களைக் கோத்து வாசித்துக்கொண்டே வந்து 'வொர்க்கிங் மேன்' பாட்டில் முடிக்கிறார்கள். கிளீவ்லாண்டு ஆலைத் தொழிலாளர்கள் 1974இல் தொலைபேசியில் கேட்ட அதே பாட்டு. 28 வருஷம் கழித்து, வேறு கண்டத்தில், வேறு மொழிக்காரர்கள் தொண்டையில்.

ரஷ் பிறகு மீண்டும் மீண்டும் சுற்றுப்பயணம் போனார்கள். 2015 ஆகஸ்ட் 1இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பியர்ட் கடைசியாக வாசித்தார். அன்றைக்கு அவர் டிரம்ஸை விட்டு எழுந்து முன்மேடைக்கு வந்து, மற்ற இருவரையும் அணைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து நின்றார். அவ்வளவு வருஷத்தில் அவர் செய்யாத காரியம். 2020 ஜனவரி 7இல் மூளைப் புற்றுநோயில் இறந்தார். 2025 அக்டோபரில் லீயும் லைஃப்சனும், அனிகா நிலெஸ் என்ற ஜெர்மன் பெண் டிரம்ஸ் கலைஞரோடு 2026இல் மறுபடி மேடை ஏறுவதாக அறிவித்தார்கள்.

தோழர்களே, இந்த இசை உங்களுக்குப் பிடிக்கணும் என்று கட்டாயம் இல்லை. பிடித்தால் கேளுங்கள். கேட்கும்போது மேடையை மட்டும் கேட்காமல், எதிரே நிற்பவர்களையும் கேளுங்கள். நம்முடைய கூட்டங்களையும் நாம் இப்போது கைபேசியில் பதிவு செய்கிறோம். பேச்சாளரை மட்டும் படம் பிடித்துவிட்டு நிறுத்திவிடுகிறோம். கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு அம்மா எழுந்து கேட்கிற கேள்வி, பின் வரிசையிலிருந்து வருகிற சிரிப்பு, கோஷத்துக்குப் பதில் கோஷம், இதெல்லாம் இரைச்சல் என்று வெட்டப்படுகிறது. அடுத்த தடவை ஒலிவாங்கி ஒன்றை அந்தப் பக்கமும் திருப்பி வையுங்கள்.